காலியாகவே போன பக்கத்து சீட்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு மே மாதம். சென்னைக்கு வெளியே இருக்கும் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் நடந்தது இது. நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறவன். ரோலர் கோஸ்டரில் ஏறுவதற்காக லீவு போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் போனான் ஒருவன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் ஊரிலும் யாரும் நம்பவில்லை. கிறுக்குப் பயல் என்றார்கள்.

இந்தக் கிறுக்குக்குக் காரணம் ஒரு காலண்டர். என் கல்யாணத்துக்கு முந்தைய வருட சீசனில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. அதில் ஜூன் மாதத் தாளில் ரோலர் கோஸ்டர் படம். செங்குத்தாக இறங்கும் தண்டவாளம். முன் பெட்டியில் ஓர் ஆணும் பெண்ணும், நாலு கையும் வானத்தில். நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்கிறதா என்று லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் இல்லையா? மூன்று நாள் அந்தத் தாளையே ஓட்டினேன். அந்தப் பெண்ணின் பல்வரிசைகூட எனக்கு மனப்பாடம். வேஸ்ட் தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதவில் ஒட்டினேன். கல்யாணமானதும் பெண்டாட்டியோடு இதே மாதிரி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. ரோலர் கோஸ்டர் என்று நான் சொன்னால் அவர்கள் ராட்டினம் என்பார்கள். ராட்டினம் வேறு, இது வேறு, இது தண்டவாளத்தில் ஓடுவது என்று விளக்கினால், அப்படியானால் ரயிலா என்பார்கள். விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் இல்லாத ராட்டினமா, அதுக்கா அம்புட்டுத் தூரம் போறீக என்று எங்கள் பைண்டிங் அக்காக்கள் என்னை வருஷக்கணக்காகக் கிண்டல் செய்தார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் மனைவியைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவளுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம். கல்யாணம் வரை பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். அவள் அம்மா பட்டாசு விபத்தில் போய்ச் சேர்ந்தவர் என்பது பெண் பார்க்கப் போனபோதே தெரியும். அதைப் பற்றி அவளாகப் பேசியதில்லை, நானும் துருவியதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் அச்சகத்திலேயே பைண்டிங்கில் வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். ஒரே கம்பெனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதிர்த்தெரு அச்சகத்தில் போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. என்னோடு வேலை பார்ப்பதில் இவளுக்கு என்ன கேவலம் என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காக்களிலும் இதே கதை. கேரளாவில் ஒன்று, பெங்களூர்ப் பக்கம் ஒன்று, மதுரையில் ஒன்று என்று வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போவேன். கோஸ்டர் வாசல் வரைக்கும் சிரித்துப் பேசிக்கொண்டே வருவாள். வரிசையில் நிற்கும் நேரம் வந்ததும், "நீங்க போயிட்டு வாங்க, நான் கீழ நிக்கேன்" என்பாள். முதல் வருடம் பையை யார் பார்ப்பது என்றாள். அடுத்த வருடம் செருப்பைக் களவாண்டுவிடுவார்கள் என்றாள். பிறகு மகள் பிறந்தாள், சாக்குக்குப் பஞ்சமே இல்லாமல் போய்விட்டது. என் பக்கத்து சீட்டில் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர். ஒரு தடவை வாந்தி எடுத்த காலேஜ் பையன், ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்ன பெரியவர். கையைத் தூக்குங்க சார் என்றேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பயமா என்றால் அதுவும் கிடையாது. அடுப்பங்கரைக்குள் பாம்பு வந்தால் கம்பால் வெளியே தள்ளிவிட்டு வந்து தாளிக்கிறவள் அவள். நான்தான் கட்டிலில் ஏறி நிற்பேன். பிறகு என்னதான் பிரச்சினை? வேண்டுமென்றே செய்கிறாள் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன்.

அந்த மே மாதம் ஒரு சாக்கும் விடாமல் அடைத்துவிட்டேன். தாம்பரத்தில் இருக்கும் என் அக்காவையும் பூங்காவுக்கு வரச் சொன்னேன். மகளுக்கு ஏழு வயது, உயரப் பலகையில் போட்டிருந்த கோட்டுக்கு ஒரு சாண் குறைவு. அவளை அக்கா பார்த்துக்கொள்வாள். பைக்கும் செருப்புக்கும் லாக்கர் எடுத்தாயிற்று. என் மனைவி வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வரிசையில் நிறுத்திவிட்டேன். முக்கால் மணி நேரம் நின்றோம். அவள் திரும்பித் திரும்பிக் கீழே மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், முன் பெட்டி கிடைத்திருந்தது.

உட்கார்ந்தோம். மடிக்கு மேல் கம்பி இறங்கியது. வண்டியைக் கிளப்புகிற பையன் ஒவ்வொரு கம்பியாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே எங்களிடம் வந்தான். அப்போதுதான் அவள் கையைத் தூக்கினாள், நான் பத்து வருடமாக ஆசைப்பட்டதற்காக அல்ல.

"தம்பி, இதத் தூக்கி விடுங்க. நான் எறங்கணும்."

பின்னால் இருபது பேர் ஒரே நேரத்தில் 'ஊ' போட்டார்கள். ஒருவன் விசில் அடித்தான். ஒரு கம்பியை மட்டும் தூக்க முடியாதாம், எல்லாருடையதையும் தூக்கி, மறுபடி எல்லாருடையதையும் இறக்கி, அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தான் அந்தப் பையன். மானத்தை வாங்காதே, உட்கார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள். வண்டி புறப்பட்டது. ஆசை ஆசையாகக் காத்திருந்த முன் பெட்டி, பக்கத்து சீட் காலி. எவ்வளவு உயரம் போனது, எங்கே இறங்கியது என்று எதுவும் எனக்கு நினைவில்லை. கீழே போய் என்னென்ன சொல்லித் திட்டலாம் என்று அடுக்கிக்கொண்டே சுற்றி வந்தேன்.

கேன்டீனில் தக்காளி சாதம் வாங்கி வைத்திருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன். அக்கா நிலைமையைப் புரிந்துகொண்டு மகளைத் தண்ணீர் விளையாட்டுப் பக்கம் கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு நான் பேசியதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. என்னோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கப் பிடிக்கவில்லை, ஒரே பெட்டியில் உட்காரப் பிடிக்கவில்லை, பிறகு எதற்கு என்னோடு குடும்பம் நடத்துகிறாய் என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. ரேஷன் கடை விவரம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஒரே பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் ஒருநாளும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை. பிள்ளை குட்டி இருக்கிற வீட்டில் ஓர் ஆள் வெளியே இருக்க வேண்டும் என்பது அவள் அம்மா போட்ட சட்டம். தீபாவளி நெருக்கத்தில் ஒருநாள் அம்மா இருந்த வெடிமருந்து அறைக்கு ஓர் ஆள் வரவில்லை. லோடு நிற்கிறது, நீ போய் உட்கார் என்று ஃபோர்மேன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அம்மா விடவில்லை. எல்லார் முன்னாலும் சண்டை போட்டு, நீங்க வேற ரூமுக்குப் போங்க என்று புருஷனை வெளியே அனுப்பிவிட்டார். ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அவமானம். மத்தியானத்துக்கு மேல் அந்த அறை வெடித்தது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளையும் தம்பியையும் வளர்க்க அப்பா மிச்சம் இருந்தார்.

"எங்கப்பாவும் அன்னைக்கு இப்படித்தான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனாரு. எங்கம்மா கொண்டுபோன மத்தியானச் சோத்தக்கூடத் திங்கல" என்றாள்.

தள்ளி வைத்த தட்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. நான் அப்போதும் விடவில்லை, அவ்வளவு பிடிவாதம் எனக்கு. குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா இருக்கிறாளே என்றேன். எங்களுக்கும் அத்தை இருந்தாக என்றாள். சரி, பஸ்ஸில் மட்டும் ஒன்றாகத்தானே வந்தோம், டிரைவர் கண் அசந்தால் என்ன ஆகும் என்று மடக்கினேன்.

"பஸ்ஸு ஒரு ஊருக்குப் போகுது, ஏறித்தான ஆகணும். இது சுத்திட்டு ஏறுன எடத்துக்கே வருது. இதுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். சாதம் ஆறிப் போயிருந்தது, ஆனாலும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பன்னிரண்டு வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா நான் கேட்டது? கை கழுவிவிட்டு வந்து, சரி, நீ போயிட்டு வா, நான் கீழே நிற்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. தனியாவா என்று கேட்டாள். தனியாகத்தான் என்றேன். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்கு முன்னால் ஒரு கோஸ்டரைக்கூட நான் கீழே நின்று முழுசாகப் பார்த்ததில்லை. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு அது வேறு, கம்பி வேலிக்கு வெளியே நிற்பவனுக்கு அது முற்றிலும் வேறு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யாரோ ஒரு பெண் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பது சின்னதாகத் தெரிந்தது. சங்கிலி இழுக்கிற சத்தம் டக் டக் டக் என்று கேட்டது. தூணில் பெயிண்ட் உரிந்திருந்த இடம் கண்ணில் பட்டது, ஒரு நட்டுக்குக் கீழே துரு வழிந்திருந்ததும் பட்டது. இத்தனை வருடம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டா இவள் சும்மா நின்றாள்? அக்காவோடு திரும்பி வந்திருந்த மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா எப்பப்பா வரும்?" என்றாள். இருக்கங்குடி மாரியம்மனுக்கு முடி இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உச்சியில் வண்டி ஒரு நொடி நின்றது.

இறங்கும்போது பார்த்தேன். அவள் இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தாள். என் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த காலண்டர்காரி மாதிரியே, பல்லெல்லாம் தெரிய.

தலைமுடி கலைந்து, மூச்சு வாங்க ஓடி வந்தாள். வந்து செருப்பை வாங்கிப் போடுவாள் என்று நீட்டினேன். "இன்னொரு தடவ போயிட்டு வரட்டுமா?" என்றாள். போனாள். அதோடு விட்டாளா, மூன்றாவது தடவையும் போனாள். நான் அந்த வெயிலில் செருப்பைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் எரிச்சல் தாங்காமல் போதும் வா என்று கத்திவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகும் எத்தனையோ பூங்காவுக்குப் போய்விட்டோம். இன்று வரை நாங்கள் ஒரே வண்டியில் ஏறியதில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டையா என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள், ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் காலண்டர் தாள் எப்போதோ கிழிந்துவிட்டது, பக்கத்து சீட் ஆசையும் அதோடு போயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் செருப்பைக் கையில் வாங்கும்போது எனக்கு அந்த வெயில் ஞாபகம் வரும். கீழே ஒருத்தி நிற்கிறாள் என்ற தைரியத்தில்தான் அத்தனை வருடம் நான் மேலே கையைத் தூக்கியிருக்கிறேன்.