அப்படியேதான் இருக்கு

தினமும் காலையில், வீட்டின் முன்னறையில் இருக்கும் கடையின் கதவைத் திறக்கும் முன் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தையல் மாஸ்டர் வீட்டின் பின்பக்கம் போகிறார். படுக்கையறைச் சுவரை ஒட்டி, கூரைக்கு மேலே எட்டிப் பார்த்தபடி ஒரு பெரிய பாறை நிற்கிறது. அதில் ஒரு விரிசல். ஸ்டூலில் ஏறி, விரிசலின் குறுக்கே நாடாவைப் பிடிக்கிறார். இறங்கி, மனைவி நிற்கும் சமையலறை ஜன்னலைப் பார்த்து, "அப்படியேதான் இருக்கு" என்கிறார்.

எங்கள் இடுப்பைப் பற்றியும் அவர் இதையேதான் சொல்வார். போன வருடம் தைத்த பேன்ட் பொத்தானுக்கு எட்டவில்லை என்று போய் நின்றேன். அளந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "உடம்பு அப்படியேதான் சார் இருக்கு. துணிதான் தண்ணி பட்டுச் சுருங்கிருச்சு. பிரிச்சு விட்டுடறேன்." இந்த மரியாதை வேறு எந்தக் கடையில் கிடைக்கும்? அவரிடமே நாங்கள் திரும்பத் திரும்பப் போவதற்குத் தையல் மட்டும் காரணமல்ல.

எதையும் இரண்டாம் முறை அளக்க மாட்டார். "ரெண்டு தடவ அளக்கறவன் கத்துக்குட்டி" என்பார். துணி வெட்டும் மேஜைமேல் ஒரு டீ டம்ளர்கூட வைக்க விடமாட்டார். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பாறையைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். பகல் வெயிலில் கல் விரிகிறது, ராத்திரிக் குளிரில் சுருங்குகிறது, அதில் மேல்பாகம் வெங்காயம் போல உரிகிறது என்றார். விரிசலில் இறங்கும் மழைத் தண்ணீர் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது, உச்சியில் முளைத்த செடியின் வேர் ஆப்பு அடிக்கிறது என்றும் விளக்கினார்.

"கல்லு சார் அது. துணியா, கிழியறதுக்கு?" என்றார் மாஸ்டர்.

"கிழியாது, பிளக்கும். அந்த ரூம்ல யாரும் படுக்காதீங்க."

அதிகாரியின் தலை மறைந்ததும் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "போட்டிருக்கிற சட்டை தோள்லயே உக்காரல. பாறைக்கு அளவு சொல்ல வந்துட்டாரு."

மாஸ்டரின் மனைவி சிரிக்கவில்லை. "கல்யாணமான நாள்லேர்ந்து என் இடுப்பும் அப்படியேதான் இருக்குன்னு சொல்ற மனுஷன் இவரு. அந்தச் சுவத்தோரம் தலைய வெச்சுப் படுக்கறது நானும் பொண்ணும்."

எனக்கு மாஸ்டரைப் பிடிக்கும். ஆனால் அந்த ஜன்னலைப் பார்த்து அவர் வாய் கூசாமல் சொல்வதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். முன்பு அந்த விரிசலில் பல்லி போய் வந்தது. இப்போது அணில் போகிறது.

நேற்று, விடாமல் பெய்த மழை மாலையில்தான் ஓய்ந்தது. பேன்ட் வாங்கப் போன நான் அவர் பின்னாலேயே பாறைவரை போனேன். அடியில் மண்ணும் சில்லுமாக உதிர்ந்து கிடந்தது. ஸ்டூலில் ஏறி நாடாவைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் பிடித்தார். ஜன்னலில் மனைவியின் கை கம்பியைப் பற்றியிருந்தது.

"அப்படியேதான் இருக்கு" என்றார், வழக்கத்தைவிடச் சத்தமாக.

கடைக்குள் வந்து கத்தரி, சாக்பீஸ், வெட்டிய துணி எல்லாவற்றையும் வழித்துக் கூடையில் போட்டார். மழை விட்ட குளிரில் ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள ஒரே புழுக்கமா இருக்கு, எல்லாரும் முன்னாடி கடையிலயே படுத்துக்கலாம்" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். பிறகு வெட்டும் மேஜைமேல் போர்வையை விரித்து, சுருக்கம் நீவி, மகளின் தலையணையைக் கொண்டுவந்து வைத்தார்.