பதினேழாம் குழியில் அடிதடி

பெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் நில அதிர்வுப் பிரிவில் டெக்னீஷியன். நாற்பது இடங்களில் குழி தோண்டி அதிர்வுப் பெட்டிகளைப் புதைத்திருந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் போய் பேட்டரி மாற்றி, பதிவான கார்டை எடுத்து வருவார்.

கடலுக்கு அப்பால் எங்கோ பூமி குலுங்கினால், சில அலைகள் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டியே ஊர்ந்து வரும். குட்டை அலை மேல்பாறையை மட்டும் தடவிப் போகும். நீள அலை அடிவரை அசைத்துக்கொண்டு வரும். ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு எது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்தால், கண்டம் உட்கார்ந்திருக்கும் பாறை ஓட்டின் கனம் தெரிந்துவிடும். டிப்ளமோவோடு படிப்பை நிறுத்தியவர், பிரிவை நடத்தும் பேராசிரியை கணக்குப் போடுவதை எட்டிப் பார்த்தே இதையெல்லாம் தெரிந்துகொண்டார்.

பதினேழாம் குழி ஒரு கல்குவாரியை ஒட்டி இருந்தது. அங்கே அனுமதித்த அளவைப்போல மூன்று மடங்கு வெடி வைத்தார்கள். பெட்டியில் அதுவும் பதிவாகிறது என்ற சேதி குவாரி மேஸ்திரியின் காதுக்குப் போய்விட்டது.

ஒரு நாள் காலை, குழிக்குள் மண்டியிட்டு கார்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டபோது மேலே நிழல் விழுந்தது. மேஸ்திரி, கூட இரண்டு ஆட்கள். ஒருவன் கையில் கடப்பாரை.

"எங்களயே வேவு பாக்குறியா?" என்றான் மேஸ்திரி.

"உங்க வெடி எங்களுக்குக் குப்பைங்க. வடிகட்டித் தூரப் போட்டுருவோம். எங்களுக்கு வேண்டியது ஆழத்துல இருக்குற பாறை."

"ஆழத்துக்குத்தான போகணும்? நானே அனுப்புறேன்."

முதல் அடி பெட்டியை நொறுக்கியது. அடுத்தது, தடுக்க நீட்டிய வலது கையில். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. மூவரும் குழிக்குள் இறங்கி மிதித்தார்கள். இடது கைக்கு ஸ்பேனர் அகப்பட்டது. குனிந்த மேஸ்திரியின் முகத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். அவன் சரிந்தான். அதோடு விட்டிருக்கலாம். அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, தாடை பெயர்ந்த பிறகும் அடித்தார்.

"விட்டுருங்கண்ணே, செத்துருவாரு!" மிதித்தவர்களே அண்ணன் முறை கொண்டாடி அவரை இழுத்தார்கள்.

இரண்டு பேரையும் ஒரே ஜீப்பில் அள்ளிப்போட்டு, ஒரே வார்டில் சேர்த்தார்கள். மேஸ்திரியின் மனைவி செருப்பைக் கழற்றிப் பெட்டிக்காரரின் முகத்தில் அடித்தாள். அவர் மனைவி பாய்ந்து அவள் முடியைப் பற்றினாள்.

"இருக்குற கட்டிலே பத்தல. நீங்களும் வந்து படுத்துராதீங்க" என்று நர்ஸ் நடுவே புகுந்து பிரித்தார்.

வக்கீல் தற்காப்பு என்று சொல்லச் சொன்னார். கோர்ட்டில் பெட்டிக்காரர், "முதல்ல அடிச்சது அவங்க. அவன் விழுந்தப்புறம் அடிச்சது நான்" என்றார். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் இரண்டு வருடம், இவருக்கு ஆறு மாதம். குவாரி முதலாளி மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

பேராசிரியை வரைபடத்தோடு சிறைக்கு வந்தார். ரத்தம் காய்ந்த அந்த கார்டில், தூரத்துப் பெரிய நடுக்கம் ஒன்றின் அலைகள் முழுசாகக் கிடைத்திருந்தன.

"பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவுலதாங்க ஓடு மெலியுது. இருநூறு கிலோமீட்டர் கனம் சட்டுனு பாதியாயிடுது."

பெட்டிக்காரர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மேஸ்திரி சாப்பிடுறானாம்மா?" என்று கேட்டார்.

"கரைச்சுக் குடுத்தா குடிக்கிறாராம்."

வரைபடத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.