சாயங்காலக் கால்

என் வீட்டுக்காரருக்கு மனிதர்களின் முகம் ஞாபகம் இருக்காது, கால்தான் ஞாபகம் இருக்கும். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் இவர் முதலில் குனிந்து பார்ப்பார், அப்புறம்தான் யாரென்று பிடிபடும். அகலப் பாதம், வலது கால் அரை சைஸ் பெரிசு, போன வருஷம் கறுப்பு ஷூ வாங்கினவர் என்று நடந்துகொண்டே என் காதில் ஓதுவார். வந்தவர் வங்கி மேனேஜராகவே இருக்கட்டுமே, இவருக்கு அவர் கறுப்பு ஷூதான்.

கடைத்தெரு முனையில் இருக்கும் செருப்புக் கடையில் மீசை அரும்பிய வயதில் சேர்ந்தவர், மீசை நரைத்தும் அங்கேயேதான் இருக்கிறார். முன்பக்கம் சரிவாகச் செய்த குட்டி ஸ்டூல் ஒன்று உண்டு. அதில் உட்கார்ந்து, வந்தவர் காலைச் சரிவின் மேல் வாங்கி வைத்து, ஷூவை மாட்டிவிட்டுக் கட்டைவிரலால் நுனியை அமுக்கிப் பார்ப்பார். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருந்தால் தலையாட்டுவார். இல்லையென்றால் ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து அடுத்த பெட்டியை இறக்குவார். கடையில் எல்லோரும் அவரை 'அளவு' என்றுதான் கூப்பிடுவார்கள், முதலாளி உட்பட.

என்னைப் பிடித்ததும் அந்த ஸ்டூலில்தான். நான் ஐந்தாம் நம்பர் கேட்டேன், அவர் ஆறு என்றார். என் காலைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று சண்டை போட்டு ஐந்தையே வாங்கிப்போனேன். மறுநாள் குதிகாலில் கொப்புளத்தோடு நொண்டிக்கொண்டு போய் நின்றபோது மனுஷன் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ஆறாம் நம்பரை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். அந்த ஒரு மரியாதைக்காகத்தான் கட்டிக்கொண்டேன், வேறு அழகு ஒன்றும் அப்போது இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். அவள் தானே ஒருவனைப் பார்த்து வைத்துக்கொண்டு வந்து நின்றபோது இவர் ஒரு மாதம் உம்மென்று இருந்தார். பிறகு மாப்பிள்ளையின் காலை அளந்து நல்ல ஜோடி ஒன்று எடுத்துக் கொடுத்து ராசியாகிவிட்டார். கல்யாணம் முடிந்து அவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள். அந்த ஊருக்கு ரயில் கிடையாது. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் இறங்கலாம். பேத்தி பிறந்து ஒரு வருஷம் ஆகியும் தாத்தாக்காரர் அவளை போன் திரையில்தான் பார்த்திருந்தார். நான் தனியாகப் போய்ப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் அப்பா ஏன் வரவில்லை என்று மகள் கேட்பாள், கடையில் லீவு இல்லை என்று நான் புளுகுவேன்.

உண்மையான காரணம் லீவு அல்ல, ஒன்னுக்கு.

சிரிக்காதீர்கள், அவருக்கு அது பெரிய பாடு. பகலெல்லாம் சும்மா இருப்பவர், ராத்திரி படுத்தால் போதும், எழுந்து எழுந்து கழிப்பறைக்கு நடப்பார். வயதாகிவிட்டது, மூத்திரப்பை சுருங்கிவிட்டது என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். மாலையோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்தியும் நடை குறையவில்லை. ஒருமுறை பக்கத்து ஊர் போகும் பஸ்ஸில் அடக்க முடியாமல் கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்து வந்தார். அதிலிருந்து பஸ் என்றாலே பயம். பகலில்தான் தொந்தரவு இல்லையே என்று நான் கேட்டால், சீட்டில் சாய்ந்தால் அதுவும் படுக்கைதான் என்பார். ஊரே பார்க்க வண்டியை நிறுத்தச் சொல்ல அவரால் முடியாது. மகளிடம் சொல்லிவிடுகிறேன் என்றால் என் கையைப் பிடித்துக்கொள்வார், மானம் போய்விடுமாம். அடக் கடவுளே, பெற்ற பெண்ணிடம் என்ன மானம்?

இதற்கு நடுவே அவர் கால் வளர்ந்துகொண்டிருந்தது. எட்டாம் நம்பர் போட்டவர் ஒன்பதுக்குப் போனார், கொஞ்ச நாளில் பத்துக்குப் போனார். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் விளிம்பு பள்ளமாகப் பதிந்திருக்கும். நான் முகத்தைச் சுளித்தால் உடனே கடைப் பாடம் நடத்துவார். காலையில் இருக்கும் கால் வேறு, சாயங்காலக் கால் வேறு, அதனால்தான் ஷூவைச் சாயங்காலம் வாங்கச் சொல்கிறோம் என்பார். ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லித் தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார். வேறு யாராவது இப்படிக் காலை நீட்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ என்றிருப்பார், தன் காலுக்கு மட்டும் அடுத்த பெட்டியை இறக்கினார். ஏணியில் ஏறினால் மூச்சு வாங்கியது. அதற்குப் பழி மேல் தட்டுத் தூசியின் மேல். தலையணை ஒன்று இரண்டானதற்கு மட்டும் காரணம் எதுவும் கண்டுபிடிக்கவில்லை.

ஒருநாள் மகள் போனில் என்னைக் கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மா, அப்பாவுக்கு என் கல்யாணத்துல இன்னும் மனசு ஆறலன்னா நேரா சொல்லிடுங்க. லீவு இல்ல, லீவு இல்லன்னு நானும் எத்தனை நாள் நம்புறது? இனிமே நான் அவரக் கூப்பிடல."

இந்த மனுஷன் தண்ணீரை அடக்குகிறேன் என்று பெண்ணை இழந்துவிடுவார் போலிருந்தது. மறுநாள் காலை அவர் சட்டையைப் போடும்போதே சொல்லிவிட்டேன், இன்றைக்குக் கடை இல்லை, டாக்டரிடம் போகிறோம், வரமாட்டேன் என்றால் போனை எடுத்து மகளிடம் எல்லாவற்றையும் உடைத்துவிடுவேன் என்று. செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் ஒரு பெண், நிதானமான ஆள். இவர் உட்கார்ந்ததும் மூத்திரப்பையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டே குனிந்து அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் கால் நுனியை அமுக்கிப் பார்த்தவர், தன் காலில் விழுந்த குழியைக் குனிந்து பார்த்தார்.

"சாயங்காலம் எல்லாருக்கும் கால் கொஞ்சம் வீங்கும் டாக்டர்," என்றார் கடைசியில்.

"இப்ப காலைல பத்து மணிங்க," என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், எக்கச்சக்கம். ரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். படுக்க வைத்து நெஞ்சில் பசையைத் தடவி, ஒரு கருவியை அங்கும் இங்கும் நகர்த்தி, இதயத்தைத் திரையில் காட்டினார்கள். உள்ளே சின்னச் சின்னக் கதவுகள் திறந்து மூடின. ரத்தம் முன்னால் போகத் திறந்து, பின்னால் திரும்பாமல் மூடுகிற வால்வுகளாம். கதவெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ரத்தத்தைத் தள்ளுகிற சுவர்தான் இறுகிப் பிடிக்க முடியாமல் சோம்பலாக அசைந்தது. கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி அது சோர்ந்துவிட்டதாம்.

அறைக்குத் திரும்பியதும் இவர் மறுபடியும் ஆரம்பித்தார். இதயம் கிடக்கட்டும், ராத்திரி நடைக்கு ஒரு வழி சொல்லுங்கள் என்றார். டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ரெண்டும் ஒரே கதைதாங்க. சிறுநீரகத்தோட வேலை ரத்தத்த வடிகட்டுறது. ஓயாம வந்துகிட்டே இருக்கிற ரத்தத்துல கழிவையும் மிச்சத் தண்ணியையும் பிரிச்சுப் பைக்கு அனுப்பும். உங்க இதயம் சோர்ந்து போனதால அதுக்கு வர்ற ரத்தம் குறைஞ்சு போச்சு. ஆனா இதயம் சோர்ந்துட்டது அதுக்குத் தெரியாது. உடம்புல தண்ணி வத்திப்போச்சு போலன்னு நினைச்சுக்கிட்டு, உப்பையும் தண்ணியையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்குது. நாள் பூரா நிக்கிறீங்களா, அந்தத் தண்ணி எல்லாம் கால்ல இறங்கி நிக்குது."

"அப்ப ராத்திரி?"

"படுத்ததும் கால்ல இருந்த தண்ணி மெதுவா ரத்தத்துக்குத் திரும்புது. இதயத்துக்கும் கொஞ்சம் ஓய்வு, சிறுநீரகத்துக்கும் நல்லா ரத்தம் போகுது. பகல்ல செய்யாத வேலைய அது ராத்திரில செய்யுது. அதான் எழுந்து எழுந்து போறீங்க."

இவர் தன் அடிவயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்ப பை நல்ல பைதானா?" என்று கேட்டார்.

பையின் மேல் ஒரு குறையும் இல்லை, அது நிறைந்தால் சொல்கிறது, அவ்வளவுதான் என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் தண்ணீர் நுரையீரலில் ஏறியிருக்கும், தலையணை இரண்டானது அதன் ஆரம்பம்தான் என்றார். இவர் இல்லாத வீட்டை ஒரு நொடி நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் சட்டைக் கையைப் பிடித்தவள் வெளியே வரும்வரை விடவில்லை.

இதயத்துக்கு ஒரு மாத்திரை, அழுத்தத்துக்கு ஒன்று, தேங்கிய தண்ணீரை இறக்க ஒன்று. உப்பைப் பாதிக்கு மேல் குறைக்கச் சொன்னார்கள், தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் மாத்திரை இருக்கிறதே, அது பொல்லாத மாத்திரை. காலையில் போட்டால் மதியம் வரைக்கும் மனுஷனை உட்கார விடாது. கடையில் முதலாளியே இவருக்காகக் கழிப்பறைச் சாவியை ஆணியில் மாட்டி வைத்துவிட்டார். ஆனால் கால் வற்றியது. பத்து தொளதொளவென்று ஆடி, ஒன்பதும் ஆடி, எட்டுக்கே திரும்பி வந்தார். ராத்திரி தூங்கினார், குறட்டைகூட விட்டார். அந்தக் குறட்டையை நான் அத்தனை சந்தோஷமாகக் கேட்பேன் என்று யார் நினைத்தார்கள்?

டாக்டர் பயணத்துக்குச் சரி என்றதும் டிக்கெட் எடுத்தோம். அன்றைக்கு மட்டும் தண்ணீர் மாத்திரையை இறங்கிய பிறகு போட்டுக்கொண்டால் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார். நானும் சொன்னேன். இவரும் தலையாட்டினார். அப்பாவும் வருகிறார் என்று மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன், பஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்றாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் அவர் முகம் வெளுத்தது. என்னங்க என்றேன்.

"காபியோட மாத்திரைய போட்டுட்டேன்."

பழக்க தோஷம், வேறென்ன. கை தானாக டப்பாவுக்குப் போயிருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. திட்டி முடிப்பதற்குள் அவர் நெளிய ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்துபோய் டிரைவரிடம் சொல்கிறேன் என்றேன். உட்கார் என்றார். இறங்கித் திரும்பிப் போய்விடலாம், இன்னொரு நாள் வரலாம் என்று முனகினார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொரு நாள்னா அவ இனிமே நம்ப மாட்டா."

முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். பிறகு எழுந்தார். அத்தனை பேரையும் தாண்டி, கம்பி கம்பியாகப் பிடித்து நடந்து டிரைவர் பக்கத்தில் போய் நின்று, பின் சீட்டுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துங்க. எனக்கு ஒன்னுக்குப் போகணும்."

டிரைவர் ஒரு பெட்ரோல் பங்கில் திருப்பி நிறுத்தினார். இவர் இறங்கினார். பின்னாலேயே கோட்டு போட்ட ஒருவர் இறங்கினார். அப்புறம் ஒரு அம்மாவும் இரண்டு பிள்ளைகளும், கல்லூரிப் பெண்கள் சிலர், பாதி பஸ்ஸே காலி. கேட்க ஆளில்லாமல் எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். டிரைவரும் இறங்கி வரிசையில் நின்றார். அதற்கப்புறம் வழியில் எங்கே நிறுத்தினாலும் ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. கோட்டுக்காரர் இவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார், இவர் பதிலுக்கு அவர் ஷூ அரை சைஸ் சின்னது என்று சொன்னார்.

போய்ச் சேரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். மகள் பஸ் நிலையத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், ஆனால் கேட்டது என்னை. ஏம்மா இவ்வளவு நேரம் என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நான்தாம்மா வழியெல்லாம் பஸ்ஸ நிறுத்தினேன், ஒன்னுக்கு. இத்தனை நாள் வராததுக்கும் அதான் காரணம். உன் மேல கோபமெல்லாம் ஒன்னும் இல்ல. வெட்கம்."

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஒரு வருஷமா நான் அழுதுக்கிட்டு இருந்தேன்ப்பா. இதுக்கா?"

அவர் தலை குனிந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த குழந்தையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"பிடிங்க. இவ இப்பவே உங்க சட்டை மேல ஒன்னுக்குப் போவா. யாரையும் கேக்க மாட்டா, வெட்கப்படவும் மாட்டா."

அவர் பேத்தியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேர் நடந்துபோகிற அந்த பஸ் நிலையத்தின் நடுவில் நின்று என் வீட்டுக்காரர் வாய்விட்டு அழுதார், முகத்தை மூடிக்கொள்ளவும் இல்லை.