கட்டைவிரல் உயர மனிதர்கள்

ஸ்டுடியோக்காரருக்கு ஊரையே பொம்மையாக்கும் பைத்தியம் பிடித்தது நாற்பத்தேழாவது வயதில். அதுவரை பாஸ்போர்ட் படம்தான். 'தாடையைத் தூக்குங்க, சிரிக்காதீங்க' என்று சொல்லியே தொண்டை வறண்ட பிழைப்பு. பழைய சாமான் கடையில் சாய்த்துப் பிடிக்கிற லென்ஸ் ஒன்று கிடைத்தது. உயரத்தில் நின்று அதைக் கொஞ்சம் சாய்த்தால் படத்தில் ஒரு பட்டை மட்டும் தெளிவாக நிற்கும். மேலும் கீழும் மங்கிவிடும். பார்க்கிற கண் ஏமாந்துபோய், நிஜத் தெருவை மேசைமேல் வைத்த பொம்மைத் தெரு என்று நம்பிவிடும்.

ஸ்டுடியோவுக்கு மேலே ஏழு மாடி, அதற்கும் மேலே மொட்டைமாடி. தினமும் மதியம் ஏறிவிடுவார். கீழே அவரை ஏசியவன், படம் சரியில்லை என்று முகத்தில் விட்டெறிந்தவன், எல்லாரும் அங்கிருந்து பார்த்தால் கட்டைவிரல் உயரம். அதில் ஓர் அற்ப சந்தோஷம், மறைப்பானேன்?

ஒரு நாள் சிக்னல் அருகே தொப்பி போட்ட ஒருவர் தடுக்கி விழுந்தார். ஸ்டுடியோக்காரர் லென்ஸைச் சாய்த்துத் தெளிவை அவர்மேல் கொண்டுவந்தார். கவிழ்ந்த பொம்மையேதான்! ஆனால் பின்னால் நிறம் போதவில்லை. சிவப்பு பஸ் ஒன்று வரட்டும் என்று காத்திருந்தார். வந்தது. பதினோரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இறங்கி ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, அத்தானுக்குக் கால் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டு அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

"உன் ஸ்டுடியோகிட்ட இருக்கிற சிக்னல்லதான் விழுந்தேன் மாப்ளே. பத்து நிமிஷம் கிடந்தேன். வண்டியெல்லாம் சுத்திக்கிட்டுப் போகுது, ஒருத்தரும் நிக்கல. கடைசியில ஒரு பஸ் டிரைவர்தான் இறங்கி வந்து தூக்கினார்."

ஸ்டுடியோக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கொடியில் அந்தத் தொப்பி காய்ந்துகொண்டிருந்தது.

அக்கா செல்போனை நீட்டினாள். "டேய், நீ ஃபேஸ்புக்ல போட்ட படத்தை எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க! விழுந்து கிடக்கிற மாதிரி அந்தப் பொம்மைய எப்படிடா செஞ்ச?"

'அட்டையில செஞ்சேன்' என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குப் புதிதும் இல்லை. அன்றைக்கு என்னவோ முடியவில்லை.

"பொம்மை இல்லக்கா. அது அத்தான். நான் மேலதான் இருந்தேன்."

அக்கா செல்போனைக் கவிழ்த்து வைத்தாள். தம்பியின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவருக்கு மாடியிலிருந்து அப்படியே குதித்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

அத்தான்தான் சமாதானமாகக் கேட்டார். "அவ்வளவு உயரத்துல இருந்து மூஞ்சி எங்க தெரியும்? நான்னு தெரிஞ்சிருந்தா வந்திருப்ப, இல்ல?"

"சத்தியமா அத்தான்! நீங்கன்னு தெரிஞ்சிருந்தா விழுந்தடிச்சு ஓடி வந்திருப்பேன்."

அத்தான் தலையாட்டினார். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "நான்னு தெரிஞ்சிருந்தா" என்றார்.

ஸ்டுடியோக்காரர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். இரு என்று அக்கா சொல்லவில்லை.