கங்காருவுக்கு வைத்த சந்தனம்

விற்கலாமா என்று கேட்கத்தான் எங்கள் வெள்ளிக் கரண்டியைக் கொண்டுபோயிருந்தேன். கடைக்கார பாய் லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆஸ்திரேலியா வெள்ளிதாம்மா. ஆனா முத்திரை தேஞ்சு போச்சு. கங்காரு வாலு மட்டும்தான் மிச்சம். யார் செஞ்சதுன்னு சொல்ல முடியாது."

அந்த வாலைப் பார்த்ததும் 1920களின் ரங்கூன் வந்து நின்றது. போட்டாதாங் படகுத்துறைக்குப் பின்னால் எங்கள் ஒற்றை அறை வீடு. அம்மா ஆயாவாக இருந்து வளர்த்துக்கொடுத்த குழந்தையோடு ஊர் திரும்பிய ஆஸ்திரேலியத் துரைசானி கொடுத்துப்போன கரண்டி அது. அதன் பின்பக்கத்தில் இரண்டு காலில் நின்ற பிராணியைப் பிள்ளையாரின் மூஞ்சூறு என்றே அம்மா நம்பினாள். வெள்ளிக்கிழமைதோறும் திருநீற்றைத் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்து, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பிள்ளையார் படத்தின்முன் சாத்துவாள்.

அப்பா துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவர். அதே பிராணியின் படத்தைக் கப்பல் பெட்டிகளில் பார்த்திருக்கிறார்.

"அது மூஞ்சூறு இல்ல புள்ள. கங்காரு. அந்த ஊர் மிருகம்."

இனிப் பொட்டு வைக்கமாட்டாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மா சந்தனம் இழைப்பதை நிறுத்தவில்லை.

"இருக்கட்டுமே. அந்த ஊர்ப் பிள்ளையாருக்கு அதுதான் வாகனம்."

அப்பா சிரித்துக்கொண்டே கற்பூரம் ஏற்றினார்.

"யாரும்மா இப்படித் தேச்சது?" என்றார் பாய்.

கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் மிஞ்சியிருந்த வாலுக்குச் சின்னதாய் ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன்.