துடுப்பை ஒப்படைத்தல்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவென்றால் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும்தான். இதற்கு அரசாணை எதுவும் கிடையாது. அரசாணை உள்ள பல காரியங்களைவிட ஒழுங்காக நடந்து வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தர்மபுரியில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் மதியத்துக்கு மேல் வண்டியில் அரூருக்கு வந்துவிடுவார்கள். கோழியை வாங்கி, கடையிலேயே மஞ்சள் தடவித் தீயில் வாட்டி, துண்டு போட்டு எடுத்துவருவது மாப்பிள்ளையின் வேலை. சின்ன வெங்காயம் உரிப்பது மகள். குழம்பும் களியும் என் மனைவி. நான் வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் மேற்பார்வை.

மேற்பார்வை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் அதைச் செய்து பார்த்ததில்லை. தேங்காய் வறுபடும் வாசனை வந்ததும், "தீ கொஞ்சம் அதிகமோ?" என்று கூடத்திலிருந்து கேட்க வேண்டும். "நீங்க டிவியப் பாருங்க" என்று பதில் வரும். கோப்பு திருப்பி அனுப்பப்பட்டது என்று பொருள். சற்று நேரம் பொறுத்து, கூடுதல் விவரங்களுடன் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். கடைசியில் ஒரு ஈரல் துண்டைக் கிண்ணத்தில் போட்டு, "உப்பு பாருங்க" என்று அனுப்பிவைப்பார்கள். அதற்குப் பிறகு ஆட்சேபணை எதுவும் எழாது.

குழம்பை யாரும் வைத்துவிடலாம். களி அப்படியில்லை. கொதிக்கும் தண்ணீரில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, கேழ்வரகு மாவை மலைபோல் கொட்டி, நடுவில் துளை போட்டு மூட வேண்டும். மாவு வெந்ததும் குண்டாவை இறக்கித் தரையில் வைத்து, கை நீளத் துடுப்பால் கிளற வேண்டும். சோறு கிளறுவதைப் போல அல்ல. ஈரக் களிமண்ணைக் கிளறுவதைப் போல. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒத்துழைக்க வேண்டும். கிளறி முடித்துத் துடுப்பை நடுவில் குத்திவிட்டுக் கையை எடுத்தால் அது சாயாமல் நிற்க வேண்டும். நின்றால் களி. சாய்ந்தால் வேறு ஏதோ.

என் மனைவி கிளறி முடித்து, துடுப்பை நிறுத்திவிட்டு, முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பாள். ஆட்சியர் கொடியேற்றிவிட்டுப் பார்க்கும் பார்வைக்கும் அதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

போன மழைக்காலத்தில் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை இட்லி வாங்கிவந்து சாப்பிட்டோம். துக்க வீட்டில் சாப்பிடுவது போல இருந்தது. அடுத்த வாரம் மாப்பிள்ளை எழுந்து, "அத்தை, நீங்க சொல்லுங்க, நான் கிளறுறேன்" என்றார்.

இதன் விபரீதம் புரிய வேண்டுமானால் மாப்பிள்ளையின் சொந்த ஊர் எது என்று தெரிய வேண்டும். அவர் தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் களியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. மறுவீட்டு விருந்தில் வாயில் போட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தார். மென்றால் களி பல்லோடு ஒட்டிக்கொள்ளும், விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்ற தயக்கம். முக்கால் மணி நேரம் மென்றார். அப்படிப்பட்டவர் துடுப்பைப் பிடித்தார்.

நாற்காலியில் கட்டுக் கையோடு உட்கார்ந்து என் மனைவி ஆணையிட்டாள். "ஓரத்துலருந்து இழுங்க மாப்ள. நடுவுல குத்தாதீங்க. வயல்ல அண்டை வெட்டறீங்களா என்ன?" முதல் வாரம் கட்டி தட்டியது. இரண்டாம் வாரம் பாதி கட்டி. அதற்கப்புறம், சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. மாப்பிள்ளைக்கும் அதில் ஒரு மிதப்பு வந்துவிட்டது. வரும்போதே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். பொறுப்பு அலுவலராக நியமிக்கப்பட்டவர்கள் எல்லோருக்கும் சில வாரங்களில் இது நேரும். நாற்காலி தன்னுடையது என்று தோன்ற ஆரம்பிக்கும்.

கட்டுப் பிரித்தார்கள். கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். பிசைந்தாள். ஆனாலும் ஞாயிறுதோறும் மாப்பிள்ளைதான் கிளறினார். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மனைவியின் ஆணைகள் மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரு வாரம் அவள் ஒன்றுமே சொல்லவில்லை. வண்டி கிளம்பிப் போனதும் என்னிடம் கேட்டாள்: "இனிமே எனக்கு அந்த வேலை இல்லைன்னு மூணு பேரும் முடிவு பண்ணிட்டீங்களா?"

"யார் முடிவு பண்ணது? மருத்துவ விடுப்புல போனவங்க திரும்பிச் சேரணும்னா தகுதிச் சான்று வேணும். அதான் நடைமுறை."

"டாக்டரு சின்னச் சின்ன வேலை செய்யலாம்னுதான சொன்னாரு."

"களி கிளறுறது சின்ன வேலையா?"

"நாப்பது வருசமா நீங்க அப்படித்தான நெனச்சிட்டிருந்தீங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள்தான் கிளறுவாள் என்று முடிவாயிற்று. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் போனில் விவரம் சொன்னேன். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். கை வலித்துப் பாதியில் துடுப்பை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவள் அதைத் தொடமாட்டாள். நாங்கள் கொடுத்தாலும் வாங்கமாட்டாள்.

அந்த ஞாயிறு மாலை அவளே குண்டாவை அடுப்பில் வைத்தாள். தண்ணீரைக் கண்ணளவாக ஊற்றினாள். நொய்யைப் போட்டுத் தட்டால் மூடினாள். பிறகு கோழிக் குழம்புக்குக் கொத்தமல்லி பறிக்கப் பின்பக்கம் போனாள்.

நான் தண்ணீர் குடிக்கும் பாவனையில் சமையலறைக்குள் போனேன். என் திட்டம் எளிமையானது. ஒரு சொம்புத் தண்ணீர் கூடுதலாக இருந்தால் களி சற்று இளகலாக வரும், கிளறுவது சுலபம், கைக்கு நோகாது, யாருக்கும் தெரியாது. தட்டைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் வழக்கத்தைவிட ஏறியே இருந்தது. அவளுக்கே பயம் வந்து, தானாகவே கூட ஊற்றியிருக்கிறாள் என்று நினைத்தேன். மனசு கஷ்டமாக இருந்தது. அந்தக் கஷ்டத்திலேயே என் சொம்பையும் ஊற்றிவிட்டு வந்தேன்.

அவள் திரும்பிவந்து வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, சிலிண்டர் தீரப் போவுதா? இன்னும் கொதியே வரலயே?"

"ரெகுலேட்டர்ல ஏதாவது அடைப்பா இருக்கும்" என்றேன். நான் கூறிய காரணத்தை மாப்பிள்ளை அவசரமாக ஆமோதித்தார். மகள் வெங்காயத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. இதெல்லாம் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்தவன் நான்.

கொதி வந்தது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும் என்று எப்போதும் போல அதைக் கழற்றி வைத்துவிட்டு மாவைக் கொட்டினாள். மூடினாள். வெந்ததும் மாப்பிள்ளை குண்டாவைத் தரையில் இறக்கிவைத்தார். அவள் முக்காலியில் உட்கார்ந்து, இரு பாதங்களாலும் சாக்குத் துணியோடு குண்டாவை அணைத்துக்கொண்டு, துடுப்பைப் பிடித்தாள்.

முதல் சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்று. துடுப்பு வழுவழுவென்று போயிற்று. அவள் முகம் மெல்ல மலர்ந்தது. மாதக்கணக்கில் பார்க்காத முகம்.

"வலியே இல்லீங்க" என்றாள். "கை பழையபடி ஆயிடுச்சி."

"நான்தான் சொன்னனே" என்றேன்.

"அத்தை, என்னவிட வேகமா கிளறுறீங்க" என்றார் மாப்பிள்ளை.

"அம்மா கையி அம்மா கையிதான்" என்றாள் மகள்.

புகழ்ச்சி சற்று அதிகமாகிவிட்டது. அவள் இன்னும் நாலு சுற்று சுற்றிவிட்டு, துடுப்பை நடுவில் குத்தி, கையை எடுத்தாள்.

துடுப்பு சாய்ந்தது. அவசரமே இல்லாமல், சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் சாய்கிறவரைப் போலச் சாய்ந்து, குண்டாவின் விளிம்பில் படுத்துக்கொண்டது.

எடுத்து மறுபடியும் குத்தினாள். மறுபடியும் சாய்ந்தது.

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். பிறகு மாவு டப்பாவைப் பார்த்தாள். "மாவு கொறச்சலா போட்டுட்டனா?" என்று மெதுவாகக் கேட்டாள். "அளவே மறந்துபோச்சா எனக்கு?"

இது எங்கள் கணக்கில் இல்லாதது. கைக்காகப் பயந்தவளுக்கு இப்போது புத்திக்காகவும் பயம் வந்துவிட்டது. அதையும் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

மகள்தான் முதலில் உடைந்தாள். "இல்லம்மா. நான்தான் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனேன். உனக்குக் கை நோகுமேன்னு."

என் மனைவி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குண்டாவுக்குள் பார்த்தாள். "ஒரு டம்ளர் தண்ணிக்கு இவ்ளோ எளகாதே."

"நானும் ஒரு சொம்பு ஊத்துனேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை. மகள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அவருடைய திட்டம் அவளுக்கும் தெரியாது என்பது தெரிந்தது.

"அப்பவும் கணக்கு சரியா வரலயே" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து.

ஒரே சாலையை மூன்று துறைகள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லாமல் தோண்டுவதைப் பற்றி வாழ்நாளெல்லாம் கிண்டல் பேசியவன் நான். "ஒரு சொம்பு" என்றேன். "முழுசா இல்ல. கழுத்து வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அளவு மறக்கவில்லை என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு அது. ஆனால் எங்களுக்குக் காட்டாமல் அடக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மாவு போட்டுக் கிளறிட்டா கெட்டியாயிடாதா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"வெந்த களியில பச்ச மாவு போட்டா கட்டி கட்டியா நிக்கும் மாப்ள. இத்தன வாரம் கெளறுனீங்க, இதுகூடத் தெரியலயா? எந்திரிங்க மூணு பேரும். வெளிய போங்க."

கூடத்தில் போய் வரிசையாக உட்கார்ந்தோம். டிவி ஓடவில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து சின்னக் குண்டாவை எடுக்கிறாள் என்று மகள் மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேருக்குக்கூடப் போதாத குண்டா அது. அடுப்பு பற்றவைத்தாள். பிறகு வெகுநேரம் சத்தமில்லை.

கடைசியில் துடுப்பு குண்டாவின் பக்கத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. இந்த முறை வழுவழுப்பு இல்லை. கனமான சத்தம். நாலைந்து இடி. நின்றது. மறுபடியும் தொடங்கியது. மறுபடியும் நின்றது. நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது. மகள் எழப் பார்த்தாள். மாப்பிள்ளை அவள் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். அவருக்கும் எழ வேண்டும் போலத்தான் இருந்தது. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான் எத்தனையோ தேர்வு முடிவுகளுக்காகவும் பதவி உயர்வு ஆணைகளுக்காகவும் காத்திருந்தவன். ஒரு துடுப்புச் சத்தத்துக்காக அப்படிக் காத்திருந்ததில்லை.

மறுபடியும் தொடங்கியது. மெதுவாக, ஆனால் விடாமல்.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரே ஒரு களி உருண்டை. பளபளவென்று, ஒரு வெடிப்பு இல்லாமல். மறுபடி உள்ளே போய், பெரிய குண்டாவிலிருந்து மூன்று கிண்ணங்களில் மொண்டு வந்து எங்கள் முன்னால் வைத்தாள்.

"இது என்னம்மா?" என்றாள் மகள்.

"நீங்க மூணு பேரும் செஞ்சது. குடிங்க."

குடித்தோம். கூழ் என்று பார்த்தால் மோசமில்லை. மாப்பிள்ளை இரண்டாவது கிண்ணம் கேட்டார். அவருக்கு எதைக் கொடுத்தாலும் இரண்டாவது கேட்பார். அதனால்தான் எங்கள் வீட்டில் அவருக்கு மதிப்பு.

"அடுத்த வாரம் பெரிய குண்டா" என்று அறிவித்தாள். "பாதி நான் கெளறுவேன். மீதி மாப்ள. எப்ப மாத்தணும்னு நான் சொல்லுவேன். நான் சொல்றதுக்கு முன்னாடி யாரும் கைய நீட்டக் கூடாது."

"சரிங்க அத்தை."

"உங்களத்தான் சொல்றன்" என்றாள் என்னிடம்.

"நான் எங்க கைய நீட்டுனேன்?"

"சொம்ப நீட்டுனீங்கல்ல."

மகள் உள்ளே போய்க் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். என் மனைவி தட்டை மடியருகே இழுத்துக்கொண்டு, வலது கையால் உருண்டையில் ஒரு துண்டு கிள்ளினாள். துண்டு நழுவித் தட்டிலேயே விழுந்தது; மறுபடி கிள்ளினாள். நாங்கள் மூவரும் கிண்ணங்களுக்குள் பார்த்துக்கொண்டோம்.

"அந்தக் கொழம்புச் சட்டி கனமா இருக்குது" என்றாள். "கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தி வைங்க."

மூன்று பேரும் எழுந்தோம்.

"ஒருத்தர் போதும்" என்றாள்.