அவருடைய தகப்பனாரின் மெட்டு

டேனிஷ் சிற்றூரான கிரின்ஸ்டெட்டில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தபோது, ஊரிலிருந்து மனைவியை அழைப்பதற்கு நான் விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதமாகியிருந்தது. விண்ணப்பம் கொடுத்த பொலிஸ் நிலையத்தில் கேட்டால் கோப்பு கொப்பன்ஹேகனில் இருப்பதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஞாயிறு பின்னேரங்களில் டேனிஷ் தேவாலயத்து மண்டபத்தை எங்கள் ஜெபக்கூட்டத்துக்குத் தந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லோரும் குடும்பத்துக்காகக் காத்திருந்தவர்கள். நான் மண்டலின் வாசிப்பேன். ஒருநாள் கூட்டம் முடிந்து மற்றவர்கள் கதிரைகளை அடுக்கும்போது, சொற்களில்லாத ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். மனைவிக்குக் கடிதம் எழுத உட்காரும் நேரங்களில் சிறிது சிறிதாகச் சேர்ந்த மெட்டு அது. முதல்நாள் பாட்டு நிகழ்ச்சியில் தான் விட்டுப்போன ஒலிபெருக்கியை எடுக்க வந்த டேனிஷ் பெண்மணி ஒருவர் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டார்.

அவர் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணியில் பாடும் பாடகி. பதினாறு வயதில் அமெரிக்கப் பாட்டுகளை டேனிஷில் பாடத் தொடங்கியவர். முதலில் கணவரோடு சேர்ந்து பாடி இரண்டு இசைத்தட்டுகள் வெளியிட்டிருக்கிறார். எங்கள் பக்கமான யூலண்டின் கிராமத்து விடுதிகளில் ஒரு காலத்தில் அவர்கள் பாட்டைக் கேட்க வருபவர்களுக்குக் கதிரை கிடைக்காதாம். கணவர் வேறொரு பாடகியோடு போய்விட்டார். பிறகு சேர்ந்த கிற்றார்காரர் குடியில் விழுந்தார். நான் சந்தித்தபோது அவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை, சனிக்கிழமைகளில் பாட்டு.

"என்னோட வாசிக்க வாறியா?" என்று கேட்டார். டேனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான்.

அடுத்த இரண்டு வருடங்கள் அவருடைய பழைய வான் வண்டியில் ஊரூராகப் பாடப் போனோம். பஸ் இல்லாத அந்தப் பக்கத்தில் அவர் வந்து ஏற்றாவிட்டால் சனி, ஞாயிறில் நான் அறைக்குள்தான் கிடந்திருப்பேன். வானில் பாட்டு வரிகளைச் சொல்லித் தந்தே எனக்கு டேனிஷ் பழக்கினார். இரண்டாவது குரலை எங்கே சேர்க்க வேண்டும், பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் மண்டலின் எப்படி விலகி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் கற்றவை. என் மெட்டுக்கு அவரே டேனிஷில் சொற்கள் எழுதினார். சனங்கள் அதைத்தான் திரும்பக் கேட்டார்கள். பக்கத்து நகரமான எஸ்பியர்க்கில் ஒருவர் அதை இசைத்தட்டாகப் போட முன்வந்தார்.

மனைவியின் விஷயம் அவருக்குத் தெரியும். படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறார். "தட்டு வெளிவரேக்க ரேடியோவில கூப்பிடுவினம். அங்க உன்ர மனிசியைப் பற்றி நான் சொல்லுவன். நான் சொன்னா இந்தப் பக்கத்துச் சனம் கேக்கும்" என்றார். அதை அப்படியே மனைவிக்கு எழுதினேன். தெருவுக்கே வாசித்துக் காட்டியதாக அவள் பதில் எழுதினாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எஸ்பியர்க்கின் உள்ளூர் வானொலியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மெட்டு எங்கிருந்து வந்தது என்று நிகழ்ச்சிக்காரர் கேட்டார்.

"என்ர அப்பா அக்கோடியன் பெட்டியில வாசிச்சது. சின்ன வயசில கேட்டது" என்றார் அவர்.

என் பக்கம் திரும்பவேயில்லை. மண்டலின்காரரைப் பற்றிக் கேட்டபோது, "தூர தேசத்து ஆள். எப்பவும் சிரிச்ச முகம்" என்றார். மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனக்கு முன்னால் ஒலிவாங்கி வைக்கப்படவில்லை. மேசையில் கிடந்த தட்டின் உறையை எடுத்துப் பார்த்தேன். மெட்டுக்கு நேரே அவர் தகப்பனாரின் பெயர் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னாய்?"

வானின் திறப்புக் கோர்வையைத் தேடுவதுபோல் கைப்பையைக் கிளறினார். "தட்டுப் போடுறவர் சொன்னார், கன்ட்ரி பாட்டு இந்த மண்ணிலயிருந்து வந்ததாய் இருக்கவேணுமாம். அகதிக் கதையைக் கலந்தா ஒருத்தரும் வாங்கமாட்டினமாம். எனக்கு இது கடைசிச் சந்தர்ப்பம். விளங்கிக்கொள்."

எனக்கு விளங்கியது. அதுதான் இன்னும் நொந்தது. வானில் ஏறாமல் மண்டலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எஸ்பியர்க் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். ரேடியோ நிகழ்ச்சி நின்றுபோய்விட்டது என்று மனைவிக்கு எழுதினேன்.

அந்தக் குளிர்காலம் பத்திரிகைகளில் வேறொரு விஷயம் வந்தது. குடும்பங்களை அழைக்கும் எங்கள் கோப்புகள் தானாகத் தாமதமாகவில்லையாம். எடுத்துப் பார்க்கவேண்டாம் என்று அமைச்சு மட்டத்திலிருந்தே சொல்லியிருந்தார்களாம். தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் அதை எழுத்துக்கூட்டி வாசித்தபோது, அந்த டேனிஷ் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்பது நினைவுக்கு வந்து, பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன்.

பிறகு அனுமதி கிடைத்தது. மனைவி வந்து மூன்றாம் வாரம் அந்த ரேடியோ நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டாள். உள்ளதைச் சொன்னேன்.

"அப்ப எனக்கேன் மாத்தி எழுதினனீங்கள்?"

"நீ தாங்கமாட்டாய் எண்டு."

"ஷெல்லடிக்குள்ள இருந்தனான். இதைத் தாங்கமாட்டன் எண்டு நினைச்சனீங்களோ?" மூன்றாம் நாள், "அந்த மனிசியிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

போகும் வழியெல்லாம் ஒரேயொரு டேனிஷ் வசனத்தைச் சொல்லிப் பழகினாள். பாடகி கதவைத் திறந்ததும் அதைச் சொன்னாள்: "மெட்டு இவருடையது."

அவர் முகம் சிவந்தது. "தெரியும்" என்றார். பிறகு, "கோப்பி போடுறன், உள்ள வாங்கோ" என்றார். மனைவி செருப்பைக் கழற்றவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். தட்டில் பெயர் மாறவேயில்லை. அவர் அந்தப் பாட்டோடு இன்னும் பல வருடங்கள் மேடைகளில் நின்றார்.

ஒரு கோடைகாலம் மண்டபத்தில் நான் அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்தபோது, தேவாலயத்தைத் துப்புரவு செய்யும் டேனிஷ் முதியவர் தும்புத்தடியோடு நின்று கேட்டார். முடிந்ததும் தோளில் தட்டி, "அவவின்ர பாட்டை நல்லா வாசிக்கிறாய்" என்றார்.

நன்றி என்றேன்.